தயிர் டப்பாவின் முகமும் முதுகும்

காஞ்சிபுரத்து ஜனங்களுக்குச் சரக்கைச் சோதித்துப் பார்க்கத் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. பட்டு என்று ஒரு நூலைக் கொண்டுவந்து கொடுத்தால், அதில் ஓர் இழையைப் பிரித்து நெருப்பில் காட்டி, மயிர் கருகுகிற நாற்றம் வருகிறதா, சாம்பல் விரலில் பட்டதும் பொடிகிறதா என்று பார்ப்பார்கள். ஜரிகை என்றால், உரசிப் பார்த்து உள்ளே சிவப்புப் பட்டு நூலும் வெள்ளியும் தெரிகின்றனவா, அல்லது செம்பு பல்லை இளிக்கிறதா என்று பார்ப்பார்கள். விற்கிறவன் தன் பாட்டன் முப்பாட்டன் பெயரைச் சொன்னாலும், கடை வாசலில் எந்தச் சாமி படத்தை மாட்டியிருந்தாலும் அதற்காக ஒரு காசு கூடக் கொடுக்கமாட்டார்கள்.

ஆனால் இதே ஜனங்கள், நெய்த கூலியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இன்றைய சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, குளிர்ப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றதும் அந்தப் புத்தியை எல்லாம் வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கே சிறுசிறு டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. ஒன்றின் மேல் மாம்பழம். ஒன்றின் மேல் ஸ்டிராபெரி. ஒன்றின் மேல் புஜத்தை முறுக்கிக் காட்டும் பையன். “யோகர்ட்” என்று பெயர். “குழந்தைக்குப் பலம் வருமாம், எலும்பு கெட்டியாகுமாம்” என்று சொல்லி, வீட்டில் உறை ஊற்றிய தயிருக்குப் பதிலாக அதை வாங்கிக் கொடுக்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால், “டப்பாவிலேயே போட்டிருக்கிறதே” என்கிறார்கள்.

தோழர்களே! “எழுதியிருக்கிறது, ஆகையால் உண்மை” என்ற இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தானே நாம் இத்தனை காலமாகப் பேசியும் எழுதியும் வருகிறோம்? ஸ்தல புராணத்தில் எழுதியிருப்பதை நம்பாதே என்று சொல்லுகிற நாம், தயிர் டப்பாவில் எழுதியிருப்பதை மாத்திரம் நம்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே இந்த வாசனைத் தயிரின் யோக்கியதையைப் பற்றிச் சற்று விசாரிப்போம்.

மந்திரம் பிறந்த கதை

தயிர் என்பது மேல்நாட்டான் கண்டுபிடித்துக் கொடுத்த அமிர்தமல்ல. பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு கரண்டி மோரை உறை ஊற்றி வைத்தால், அந்த மோரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் பாலின் புரதம் திரண்டு கெட்டிப்படுகிறது. இவ்வளவுதான் சங்கதி. இதையே இரண்டு குறிப்பிட்ட ஜாதிக் கிருமிகளை மட்டும் விட்டு, ஒரே பக்குவத்தில் வைத்து உறையச் செய்தால் அதற்கு யோகர்ட் என்று பெயர்.

1905ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய நாட்டு மாணவர் ஜெனிவாவில் இருந்துகொண்டு அக்கிருமிகளில் ஒன்றைக் கண்டறிந்தார். பாரிஸிலிருந்த மெச்னிகாப் என்ற ருஷிய விஞ்ஞானி, பல்கேரிய விவசாயிகள் நீண்டநாள் உயிரோடிருப்பதற்குப் புளித்த பால் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்து எழுதினார். அவர் 1908ல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் பரிசு பெற்றது வேறொரு ஆராய்ச்சிக்காக; தயிருக்காக அல்ல. வியாபாரிகளுக்கு இந்தப் பேதமெல்லாம் எதற்கு? பெரிய மனிதர் வாயிலிருந்து “இருக்கலாம்” என்று ஒரு சொல் வந்தால் போதாதா? 1919ல் பார்ஸிலோனா நகரத்தில் ஐசக் கராஸோ என்பவர் டானோன் என்ற பெயரில் தயிர் வியாபாரம் தொடங்கி, அதை மருந்துக் கடைகளில் வைத்து விற்றார். மருந்துக் கடையில் விற்றதனால் அதற்கு மருந்தின் மரியாதை வந்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மேல்நாட்டு ஜனங்களுக்குப் புளிப்பு பிடிக்கவில்லை. 1933ல் பிராகு நகரத்துப் பால் பண்ணை ஒன்று, தயிர் கெடாமல் இருப்பதற்காகப் பழ ஜாமை அதனோடு சேர்க்கும் முறையைப் பதிவு செய்துகொண்டது. 1947ல் அமெரிக்காவில் டானோன் கம்பெனியார் டப்பாவின் அடியில் பழ ஜாமை வைத்து விற்க ஆரம்பித்தார்கள். அதாவது, மருந்து என்ற பெயர் அப்படியே இருக்க, உள்ளே சரக்கு மாத்திரம் மிட்டாயாக மாறிக்கொண்டே வந்தது. பெயர் பழையது, சரக்கு புதியது. கோவிலுக்குப் போகிறவன் உள்ளே என்ன நடக்கிறது என்று பாராமல் கோபுரத்தைப் பார்த்தே கும்பிடுகிறானே, அதே கதைதான் இதுவும்.

முகத்தில் இருப்பது

டப்பாவின் முகத்தில் இருப்பவை எல்லாம் பெரும்பாலும் வியாபாரி சொல்ல விரும்புகிறவை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை அல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“கொழுப்புக் குறைவு” என்று போட்டிருக்கும். 2018ம் வருஷத்து விதிப்படி, 100 கிராமில் கொழுப்பு 3 கிராமுக்கு மேல் போகாவிட்டால் கெட்டிப் பண்டத்துக்கு அப்படிப் போட்டுக்கொள்ளலாம். அது பொய்யல்ல. ஆனால் கொழுப்பை எடுத்தால் ருசி போய்விடுகிறது; போன ருசியைக் கொண்டுவரச் சர்க்கரையைக் கொட்டுகிற வழக்கமும் உண்டு. ஒரு கையால் எடுத்ததை மட்டும் முகத்தில் போட்டு, மறு கையால் கொட்டியதை முதுகில் பொடி எழுத்தில் போட்டால், அது பொய் சொல்லாமலே ஏமாற்றுவதல்லாமல் வேறென்ன?

பச்சைப் புள்ளி இருக்கும். நம் மக்களில் பலர் அந்தப் பச்சைப் புள்ளியை ஏதோ சர்க்கார் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் என்று நினைக்கிறார்கள். அதன் அர்த்தமெல்லாம் உள்ளே மாமிசம், மீன், முட்டை இல்லை என்பது மாத்திரமே. ஒரு மூட்டைச் சர்க்கரைக்கும் பச்சைப் புள்ளிதான். அதுபோலவே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் இருக்கும். அது, தயாரித்தவன் உரிமம் பெற்றவன் என்பதற்கு அடையாளமே தவிர, தயாரித்த பண்டம் உடம்புக்கு நல்லது என்பதற்கு அடையாளமல்ல.

பழத்தின் படம் இருக்கும். படத்தில் முழுப் பழம், உள்ளே எவ்வளவு? படம் போட்டோ, பெயர் சொல்லியோ ஒரு பொருளைப் பெரிதுபடுத்தினால் அது நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லவேண்டும் என விதி இருக்கிறது. ஆகவே முதுகைத் திருப்பினால் அந்த எண் கிடைக்கும். பழத்தின் கூறு சொற்பமாயும், அதற்குப் பின்னே சாயம், வாசனைச் சரக்கு, கெட்டிப்படுத்தும் பிசின் என்று ஒரு படையும் இருந்தால், நீங்கள் வாங்கியது மாம்பழமல்ல, மாம்பழத்தின் படம்.

“பாரம்பரியம்”, “இயற்கை”, “சுத்தம்” என்ற சொற்கள் இருக்கும். இவற்றின் யோக்கியதை என்ன என்பதற்கு ஒரு விஷயம் சொல்லுகிறோம். இங்கிலாந்தில் லீட்ஸ் சர்வகலாசாலையார், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கும் ஏறக்குறைய 900 தினுசு யோகர்ட்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்து 2018ல் வெளியிட்டார்கள். 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேற்படாத சர்க்கரை உள்ளது என்று சொல்லத்தக்கவை நூற்றுக்கு 9 கூடத் தேறவில்லை. குழந்தைகளுக்கென்றே விற்கப்பட்டவற்றிலோ நூற்றுக்கு 2 தான் தேறின. ரசாயன உரமிடாத பயிர் முறையில் வந்தது என்று உயர்ந்த விலைக்கு விற்ற தினுசுகளில் சர்க்கரை நடுத்தரமாக 13.1 கிராம் இருந்தது. யோகர்ட் வகைகளில் இதைவிட அதிகச் சர்க்கரை இருந்தது, தித்திப்புப் பண்டம் என்று ஒப்புக்கொண்டே விற்கப்பட்ட வகையில் மாத்திரமே! குழந்தையின் பெயரும், இயற்கையின் பெயரும் எதற்குப் பிரயோஜனப்பட்டன என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நம் நாட்டிலும் இந்தப் பெயர் வித்தை நடந்துதான் வந்தது. சத்துப் பானம் என்று வருஷக்கணக்காக விற்கப்பட்ட மாவுகளை இணையக் கடைக்காரர்கள் “ஹெல்த் டிரிங்க்” என்ற தலைப்பின்கீழ் வைக்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்ல வேண்டி வந்தது. ஏன்? 2006ம் வருஷத்துச் சட்டத்தில் அப்படி ஒரு பண்டமே கிடையாது! சட்டத்தில் இல்லாத ஒரு பெயரை நம்பிப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்த தாய்மார்கள் எத்தனை பேர்!

முதுகில் இருப்பது

இனி முதுகைத் திருப்புவோம். 2020ம் வருஷத்து முகப்புச்சீட்டு விதிகளின்படி, பொட்டலத்தில் அடைத்த பண்டத்தின் மேல் கலோரி, புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு, உப்பிலுள்ள சோடியம் முதலியவற்றைக் கணக்காகப் போடவேண்டும். சேர்ந்துள்ள பொருள்களை எடை அதிகமுள்ளது முதலாகவும், குறைந்தது கடைசியாகவும் வரிசைப்படுத்த வேண்டும். இதைப் படிக்கப் பட்டம் வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். சேலைக்கு இத்தனை இழை, இத்தனை பலம் பட்டு என்று மனக்கணக்காய்ப் போடுகிறவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமல்ல. நான்கு கேள்விகள் கேட்டால் தீர்ந்தது.

முதற் கேள்வி: சேர்த்த சர்க்கரை எவ்வளவு? பாலிலேயே சர்க்கரை உண்டு, அது குற்றமல்ல. 100 கிராம் வெறுந்தயிரில் ஏறக்குறைய 3 முதல் 5 கிராம் வரை பால் சர்க்கரை இருக்கும். அதற்கு மேற்பட்டதில் பெரும்பாகம் பழத்தோடு வந்ததைத் தவிர ஆலையில் கொட்டியதே. உதாரணத்துக்கு ஒரு டப்பாவில் மொத்தச் சர்க்கரை 14, சேர்த்தது 9 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுவோம். 9 கிராம் என்பது சுமார் இரண்டு தேக்கரண்டி. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015ல் சொன்னது என்னவென்றால், இப்படிச் சேர்க்கும் சர்க்கரை நாளைய உணவின் கலோரியில் பத்திலொரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதிலொரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது. இருபதிலொரு பங்கென்றால் வயது வந்தவர்க்குச் சுமார் 25 கிராம். ஆக, அந்தச் சிறு டப்பா ஒன்றே நாளைய அளவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தின்றுவிட்டது. அதுவும் பெரியவருக்கு! டப்பாவில் போடும் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கெல்லாம் 2,000 கலோரி உண்ணும் பெரியவரை வைத்துப் போட்டது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கலோரிதான் தேவை. படம் குழந்தைக்கு, கணக்கு மட்டும் பெரியவருக்கு!

இரண்டாவது கேள்வி: புரதம் எவ்வளவு? பலம் என்று எதைச் சொல்லி விற்கிறானோ அது இந்த வரியில்தான் இருக்கவேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய கணக்குப் புத்தகத்தில், பசுந்தயிர் 100 கிராமுக்குப் புரதம் 3.1 கிராம், கொழுப்பு 4 கிராம், மாவுச்சத்து 3 கிராம், சுண்ணாம்புச் சத்து 149 மில்லிகிராம், கலோரி 60 என்று போட்டிருக்கிறது. இதுதான் நம் வீட்டு மண்சட்டி. இந்தச் சட்டிக்குப் பக்கத்தில் அந்த டப்பாவை வைத்துப் பாருங்கள். புரதம் மூன்றும் மூன்றரையுமாக இருந்தால், நம் சட்டியில் இல்லாத எந்தப் பலம் அதில் வந்துவிட்டது? கூடுதலாக வந்தது சர்க்கரையும் விலையுமே. தண்ணீரை வடித்துக் கெட்டிப்படுத்திய “கிரேக்கத் தயிர்” என்ற தினுசில் புரதம் உண்மையாகவே அதிகம். அதை மறுப்பது நியாயமல்ல. ஆனால் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நம் தயிரும் அப்படித்தான் ஆகும். அதற்குக் கிரேக்க தேசம் போக வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி: பொருள் வரிசையில் சர்க்கரை எத்தனையாவது? பாலுக்கு அடுத்தபடி சர்க்கரையும் அதற்கும் பின்னால் பழமும் இருந்தால், பழத்தை விடச் சர்க்கரை அதிகம் என்று வியாபாரியே எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று அர்த்தம். குளூகோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், தேன், வெல்லம் என்று பல அவதாரங்களில் வந்தாலும் ஆசாமி ஒருவனேதான். உலக நாடுகளுக்குப் பொதுவான கோடெக்ஸ் விதியில், வாசனைத் தயிரில் பாலல்லாத பொருள் பாதி எடை வரையில் இருக்கலாம் என்று இடங்கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கேள்வி: கிருமி உயிரோடிருக்கிறதா? தயிரின் கிருமிகளைப் பற்றிப் பேசாத விளம்பரமில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2010ல் ஆராய்ந்து, உயிருள்ள தயிர்க் கிருமிகள் பால் சர்க்கரை செரியாதவர்களுக்கு அதைச் செரிக்க உதவுகின்றன என்ற அளவுக்கு ஒப்புக்கொண்டார்கள். இது உண்மையான நன்மை. ஆனால் உறைந்த பிறகு சூடாக்கினால் அவை செத்துப்போகும். செத்த கிருமிக்கு அந்த வேலை கிடையாது. ஆகையால் சூடாக்கியதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

இந்த நான்கையும் எப்போதும் 100 கிராமுக்கு என்ற கணக்கில் ஒத்துப் பாருங்கள். ஒருவன் 80 கிராம் டப்பாவும், ஒருவன் 125 கிராம் டப்பாவும் விற்பான். “ஒரு வேளைக்கு” என்று அவனவன் சௌகரியப்படி அளவு வைப்பான். முழத்துக்கு ஒருவன், கஜத்துக்கு ஒருவன் விலை சொன்னால் நாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்க்கமாட்டோமா? அதேதான் இது.

பழமைப் பித்தர்களுக்கு

இதைப் படித்ததும் சிலர் குதூகலமடையலாம். “பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் மடையர்களா? நாட்டு மாட்டுத் தயிரே தெய்விகம்” என்று கிளம்புவார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுத் தயிர் மேலானது என்று நாம் சொல்லுவது அது பழையது என்பதற்காகவுமல்ல, பசு புனிதம் என்பதற்காகவுமல்ல, அபிஷேகத்துக்கு ஆகிறது என்பதற்காகவுமல்ல. கணக்கில் அது ஜெயிக்கிறது என்பதற்காக மாத்திரமே. சிலையின் தலையில் ஊற்றிய தயிரிலும் 3.1 கிராம் புரதந்தான். அது சாக்கடையில் போய்ச் சேருகிறது என்பது மாத்திரமே வித்தியாசம்.

அன்றியும், வீட்டுத் தயிரையும் அதே நான்கு கேள்விகளுக்கு உட்படுத்தத்தான் வேண்டும். அதில் மூன்று கரண்டி சர்க்கரையைப் போட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் அதுவும் டப்பாத் தயிர்தான். ஆலை மட்டும் நம் அடுப்பங்கரை. பாலில் தண்ணீர் கலந்தால் புரதமும் குறையும். சட்டியை மூடாமல் வைத்தால் வேண்டாத கிருமியும் சேரும். பழையது எல்லாம் நல்லது என்பதும், மேல்நாட்டது எல்லாம் உயர்ந்தது என்பதும் ஒரே மூட நம்பிக்கையின் இரண்டு முகங்களே. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனுக்கு எந்தக் கடையிலும் மோசம்தான்.

“விஞ்ஞானிகளே நல்லது என்கிறார்களே” என்று வேறு சிலர் சொல்லலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு கப் யோகர்ட் சாப்பிட்டால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் குறையலாம் என்று எழுதிக்கொள்ள இடங்கொடுத்தது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு மனுச் செய்தது யோகர்ட் விற்கும் டானோன் கம்பெனியார். கொடுத்த அனுமதியிலும் இதற்குள்ள சாட்சியம் சொற்பமே என்று சேர்த்துத்தான் எழுதவேண்டும். சர்க்கரை அதிகம் சேர்த்த தினுசுகளில் இதைப் போடுமுன் யோசிக்கவும் என்று அந்த நிர்வாகமே சொல்லியிருக்கிறது. விஞ்ஞானத்தின் வாயிலிருந்து வந்ததாயினும், யார் கேட்டார்கள், எவ்வளவு ருசு, எந்த நிபந்தனை என்று கேட்பதுதான் விஞ்ஞானத்துக்குச் செய்யும் மரியாதை.

எண் எந்தப் பாஷையில்?

இதுவரையில் சொன்னது எளிது. முதுகைத் திருப்பு, நான்கு கேள்வி கேள் என்று சொல்லிவிட்டோம். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து, தமிழ் மாத்திரம் வாசிக்கத் தெரிந்த ஒரு தாய் அந்த டப்பாவைத் திருப்பினால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஏனெனில் விதி என்ன சொல்லுகிறது? கட்டாயமாகப் போடவேண்டிய விவரங்கள் இங்கிலீஷிலாவது, தேவநாகரியில் ஹிந்தியிலாவது இருந்தால் போதும் என்கிறது. வேறு பாஷையிலும் சேர்த்துப் போட்டுக்கொள்ளத் தடையில்லையாம்! தடையில்லை என்பது உரிமையா? கோவில் வாசல் திறந்திருக்கிறது, ஆனால் மந்திரம் உனக்குப் புரியாத பாஷையில்தான் என்றால் அதனால் பக்தனுக்கு என்ன லாபம்? புரியாததனால்தானே தட்சிணை கேள்வியின்றி விழுகிறது!

2023 மார்ச்சில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தயிர் பாக்கெட்டின் மேல் “தஹி” என்று போடவேண்டும், உள்ளூர்ப் பெயரை வேண்டுமானால் அடைப்புக்குள் போட்டுக்கொள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எதிர்ப்புக் கிளம்பிற்று. அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் கண்டித்தார். அந்த மாதம் 30ந் தேதியே ஆணையம் இறங்கி வந்து, “கர்டு” என்பதோடு தயிர் என்றோ மொசரு என்றோ அவரவர் வழக்குப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவைத் திருத்தியது. தயிரைத் தயிர் என்று சொல்லும் உரிமைக்காகப் போராடியது முற்றிலும் நியாயம். அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை.

ஆனால் நாம் கேட்பது இது: முகத்திலுள்ள ஒரு பெயருக்காக இவ்வளவு போராடிய நாம், முதுகிலுள்ள பத்து எண்களுக்காக ஏன் ஒரு கூட்டமும் போடவில்லை? “தயிர்” என்று தமிழில் போட்டு, “சேர்த்த சர்க்கரை” என்பதை இங்கிலீஷில் மறைத்தால், தமிழ் யாருக்கு உபயோகப்பட்டது? விற்கிறவனுக்கு உபயோகப்பட்டது, தின்கிறவனுக்கு இல்லை. பாஷைப் பற்று என்பது பெயர்ப் பலகையோடு நின்றுவிட்டால் அது வெறும் அலங்காரம். ஏழையின் காசையும் உடம்பையும் காப்பாற்றும் இடத்தில் பாஷை வேலை செய்யவேண்டும்.

இது சின்ன விஷயமென்று எண்ணவேண்டாம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவோடிருக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரிய ஆராய்ச்சி 2023ல் சொல்லிற்று. அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் அதைவிட அதிகம். தயிர் டப்பாதான் இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது நாம் கண்டிக்கும் விளம்பரத்தைப் போன்ற பொய்யாகும். சோறு, தேநீர், பலகாரம், உட்கார்ந்தே செய்யும் வேலை எல்லாம் சேர்ந்த காரியம் அது. ஆனால் சர்க்கரை என்று தெரிந்து தின்கிறவன் அளவோடு நிறுத்தலாம். பலம் என்று நினைத்துத் தின்கிறவன் எங்கே நிறுத்துவான்?

“குழந்தை ஆசைப்பட்டால் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தால் குடி முழுகிவிடுமா?” என்று கேட்கலாம். முழுகாது. தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம் என்று தெரிந்து கொடுங்கள். மருந்து கொடுத்தோம் என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குத் தித்திப்பு கொடுப்பது பாவமென்று நாம் எந்தச் சாஸ்திரத்தையும் கட்டிக்கொண்டு அழவில்லை. அதிலும் பால் இருக்கிறது, புரதம் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; கலர் சோடாவை விட அது மேலானதே. நாம் ஆட்சேபிப்பது தித்திப்பையல்ல, தித்திப்புக்குச் சூட்டிய பெயரை. ஒரு வாழைப்பழத்தை நறுக்கி வீட்டுத் தயிரில் போட்டுப் பிசைந்து கொடுத்துப் பாருங்கள். படத்திலுள்ள பழம் அப்போது உள்ளேயே இருக்கும். அதன் நாரும் இருக்கும். சாயமும் எசென்ஸும் இருக்காது.

என்ன செய்வது?

சர்க்கார் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் முதுகிலும் இருக்கும் கணக்கு கட்டாயமாகத் தமிழிலும் இருக்கவேண்டும். கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் இருக்கவேண்டும். இரண்டு, அந்தக் கணக்கின் சாரம் முகத்துக்கே வரவேண்டும். தென் அமெரிக்காவில் சிலி என்ற தேசத்தில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ வரம்புக்கு மிஞ்சினால் கறுப்பு எண்கோணக் குறியை முன்பக்கத்தில் போட்டே தீரவேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவனும் கறுப்பைக் கண்டால் யோசிப்பான். நம் நாட்டிலோ 2022ல் நட்சத்திரக் குறி போடலாமென்று ஒரு நகல் விதியை வெளியிட்டார்கள். நட்சத்திரம் என்றால் யாருக்கும் எச்சரிக்கையாகப் படுமா? கெட்ட சரக்குக்கும் அரை நட்சத்திரமாவது கிடைத்துவிடுமே! 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்க எச்சரிக்கை பற்றிய சிபார்சுகளை மூன்று மாதத்தில் தயாரிக்க வேண்டுமென்று நிபுணர் கமிட்டிக்கு உத்தரவு போட வேண்டி வந்தது. ஜனங்கள் கேட்காவிட்டால் கமிட்டிகள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கும்.

மற்றது நாம் செய்ய வேண்டியது. ஒவ்வொரு தெருவிலும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசகசாலையில் ஒரு மாலை வேளையில் நான்கு டப்பாக்களையும் ஒரு சட்டித் தயிரையும் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் செய்து, கரும்பலகையில் தமிழில் எழுதிக் காட்டுங்கள். சேர்த்த சர்க்கரையைத் தேக்கரண்டியால் அளந்து ஒரு தட்டில் கொட்டிக் காட்டுங்கள். கிராமுக்கு என்ன விலை என்பதையும் போட்டுக் காட்டுங்கள். ஒரு மணி நேரப் பிரசங்கத்தை விட அந்தத் தட்டு அதிகம் பேசும்.

தோழர்களே! சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றியவனிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட நாம், சத்தின் பெயரைச் சொல்லி விற்கிறவனிடமும் அதே கேள்வியைக் கேட்காவிட்டால், புரோகிதனை மாற்றிக்கொண்டோமே தவிர புத்தியை மாற்றிக்கொள்ளவில்லை என்றுதான் ஆகும். ஜரிகையை உரசுகிற அதே விரலால் டப்பாவையும் திருப்புங்கள். தமிழில் இல்லாவிட்டால், “இதிலே என்ன எழுதியிருக்கிறது?” என்று கடைக்காரனைக் கேளுங்கள். அவனுக்கும் தெரியாவிட்டால், தெரியாத சரக்கை ஏன் விற்கிறாய் என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரன் கம்பெனிக்காரனைக் கேட்பான். ஊரே கேட்டால் சட்டம் மாறும்.